பின்னோக்கிச் செலுத்தும் வித்தை

பெரிய லாரி ஒன்று எதிரே வந்தால் அதன் சக்கரங்களை எண்ணி வியக்கிறோம். சாரதியின் சிரமம் எங்கே இருக்கிறது என்று யோசிப்பவர் வெகு சிலரே. ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் இருவகை லாரிகளை ஒப்பிட்டால் அது நன்கு விளங்கும்.

முதல் வகையை மூட்டு லாரி என்போம். இதில் முன்வண்டி எஞ்சினும் சாரதியின் அறையும் மட்டுமே கொண்டது. சரக்கு முழுவதும் பின்வண்டியில் இருக்கும். முன்சக்கரமில்லாத அந்தப் பின்வண்டியின் தலைப்பாகம் முன்வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தட்டின்மேல் அமர்ந்திருக்கும். இரண்டாவது வகை தொடர் லாரி. இதில் முன்னேயுள்ள லாரியே சரக்கைச் சுமந்துகொண்டு, இரும்புச் சட்டத்தால் கோத்த பின்வண்டியையும் இழுத்துச் செல்லும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு விதிப்படி, பொதுவாக மூட்டு லாரிக்கு 16.5 மீட்டர் நீளமும், தொடர் லாரிக்கு 18.75 மீட்டர் நீளமும் உச்ச வரம்பு. ஆகவே மெத்தை, நாற்காலி போன்று கனம் குறைந்து இடத்தை அடைக்கும் சரக்குக்குத் தொடர் லாரியே லாபகரமானது. 1.2 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமுமுள்ள சரக்குத் தட்டுகளில் மூட்டு லாரி 33 கொள்ளும்; ஜெர்மனியில் வழங்கும் 7.45 மீட்டர்ப் பெட்டிகள் இரண்டைச் சுமக்கும் தொடர் லாரி 36 கொள்ளும். திருப்பங்களிலும் தொடர் லாரியின் பின்வண்டி அவ்வளவாக உட்புறம் ஒதுங்குவதில்லை. குறுகிய தெருவில் பின்வண்டியைக் கழற்றி வைத்துவிட்டு லாரி மட்டும் உள்ளே போய் வரலாம்.

ஆனால் பின்னோக்கிச் செல்லும்போதுதான் சோதனை. நுகத்தடியைப் பிடித்து மாட்டு வண்டியைப் பின்னே தள்ளியவர்கள் அறிவார்கள்: நுகத்தை வலப்புறம் தள்ளினால் வண்டியின் வால் இடப்புறம் போகும். மூட்டு லாரியின் கதையும் அதுவே. தொடர் லாரியின் பின்வண்டிக்கு முன்சக்கரங்களும் இருந்தால் அங்கே மூட்டு இரண்டாகிவிடும். ஒரு முறை மாறிய திசை மறுபடியும் மாறும். ஆரம்பத்தில் நேர்ந்த சிறு பிசகு கணத்துக்குக் கணம் வளரும். சக்கரங்களை நடுவில் அமைத்து மூட்டை ஒன்றாகக் குறைத்த பின்வண்டிகளும் உண்டு. அவை குட்டையானவையாதலால், சிறிது அசைத்தாலும் சட்டென்று திரும்பிவிடும்.

மூட்டு லாரியிலும் அபாயம் இல்லாமலில்லை. ஈரச் சாலையில் முன்வண்டியின் பின்சக்கரங்கள் பிரேக்கில் இறுகிச் சறுக்கினால், பின்வண்டி உந்தித் தள்ள, வண்டி முழுவதும் மடக்குக் கத்தியைப்போல் மடங்கும். சக்கரம் இறுகாமல் காக்கும் பிரேக் அமைப்பு வந்தபின் இவ்வபாயம் குறைந்திருக்கிறது.

இவ்வளவு வேற்றுமை இருந்தும், இரண்டையும் ஓட்டச் சட்டம் கேட்பது 'சி.ஈ.' என்னும் ஒரே உரிமத்தைத்தான். பல ஆண்டுகள் மூட்டு லாரியே ஓட்டியவரிடம் முதலாளி மறுநாட் காலையில் தொடர் லாரியை ஒப்படைத்தால் சட்டம் தடுக்காது. பின்வண்டியின் பிரேக்கைப் பிடிக்காமலே காற்றுக் குழாயை மாட்டினால் நிற்கும் வண்டி நகரக்கூடும். இடையில் நிற்பவர் நசுங்குவார். இவற்றைப் பழகாத கைகள் ஒரே நாளில் கற்றுவிட முடியுமா?

மூன்று தட்டுச் சரக்கு அதிகம் கிடைக்கிறதென்று கணக்கிடும் முதலாளி, சாரதி வெற்று மைதானத்தில் சில நாட்கள் பழகும் செலவையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். அதை மிச்சம் பிடித்தால், நஷ்டம் அவருடைய பணப்பெட்டியோடு நிற்காது.