பிரேக் பேட் மாற்ற நமக்குத் தெரியாதா என்ன?

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததா, நான்காவதா என்று கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடும் காது நமக்கு. மிக்ஸியில் பிளேடு தேய்ந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காதைக் கொஞ்சம் காருக்கும் கொடுத்தால் என்ன? குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவதும் இன்று நிறைய வீடுகளில் நாம்தானே!

பிரேக்கை மிதிக்கும்போது முன் சக்கரத்தின் பக்கமிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் தொடர்ந்து வருகிறதா? பல கார்களில் பிரேக் பேடில் இதற்கென்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். 'என்னை மாற்றம்மா' என்று அர்த்தம். அதையும் அலட்சியம் செய்து, இரும்போடு இரும்பு உரசும் 'கரகர' சத்தம் வரும்வரை விட்டுவிட்டால் டிஸ்க்கும் சேர்ந்து பாழாகும். அந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு கோவையில். அம்மா இருப்பது கோத்தகிரியில். மாதம் ஒரு தடவையாவது இரண்டு குழந்தைகளையும் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நானே ஓட்டிப் போய் வருவேன். ஏறுவதில் கஷ்டமில்லை. இறங்குவதுதான் கஷ்டம். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டரும் இறக்கம்தான். அத்தனை தூரமும் நம் உயிர் ஒரு பிஸ்கட் அளவு பேட்களை நம்பி இருக்கிறது என்று சித்தப்பா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் லாரி பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். ஒருநாள் நான் கேட்டுக்குள் வண்டியை நுழைத்தபோதே, "அம்மணி, முன்னாடி சக்கரத்துல கீச்சுங்குது, கேட்டியா?" என்றார். அதற்கு முன்னாலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேடோடு டிஸ்க்கையும் மாற்றியே ஆகணும் என்று பெரிய பில்லாகச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்ச கனத்தைக் காட்டி, அளந்தும் காட்டினார். டிஸ்க் தாராளமாக இருந்தது! பேட்தான் தீர்ந்து போயிருந்தது. "நீயே கழட்டு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

"ஏனுங்க்கா, நமக்கு எதுக்குங்க இந்தக் கை கரியாகற வேலை?" என்று சுற்றுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, தன் இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். எங்கே போனார் தெரியுமா? அம்மா வீட்டுக்கு! வழியில் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் நிறுத்தி, கட்டையின்மேல் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு முன்னோடி அந்தத் தோல்தான் என்கிறார்கள். பிறகென்ன, அவளும் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டாள்.

இனி வேலைக்கு வருவோம். நான் சொல்வது முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் டிரம் உள்ள சாதாரணச் சின்னக் கார்களுக்கு. பின்னாலும் டிஸ்க் இருந்து, கைபிரேக் பட்டனில் இயங்கும் வண்டியானால் பின் பக்கத்தைத் தொடாதீர்கள். அதற்குத் தனிக் கருவி வேண்டும். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

மட்டமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்திக் கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவேண்டும். எஞ்சின் ஆறட்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்கு அல்ல. இரும்பு ஸ்டாண்டு வைக்காமல் கையைக்கூட உள்ளே விடக்கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கப் போட்டுவைப்பது சித்தப்பாவின் வழக்கம். எனக்கும் அது பழகிவிட்டது.

சக்கரத்தைக் கழற்றியதும் பளபளவென்று ஒரு தட்டு தெரியும். அதுதான் டிஸ்க். அதைக் கவ்விக்கொண்டிருப்பது காலிபர். இட்லிப் பானையை இடுக்கியால் பிடிக்கிறோமே, அதே வேலை. இடுக்கியின் இரண்டு வாயிலும் ஒவ்வொரு பேட்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தக் கரும்பொடி இருக்கிறதே, அதை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய காலத்துப் பேட்களில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பேட் என்று பார்த்தவுடன் தெரியாது. முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். போட்டிருந்த நைட்டியைக் குழந்தைகளின் துணியோடு துவைக்காதீர்கள். குளித்துவிட்டுத்தான் கைக்குழந்தையைத் தூக்கவேண்டும்.

காலிபரின் பின்புறம் இரண்டு போல்ட். பல வண்டிகளில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிபர் மேலே மடங்கும். இரண்டையும் கழற்ற நேர்ந்தால் காலிபரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால் ஸ்பிரிங்கில் கட்டிவையுங்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் பிரேக்கின் உயிரே போகிறது. பழைய பேட் எந்தப் பக்கம், கிளிப் எந்தத் திசை என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றியே ஆகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு புறமாக இழுக்கும்.

பேடின் உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அதாவது ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம், மாற்றிவிடலாம். புதுப் பேட் தடிமனாக இருப்பதால் உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால்தான் நுழையும். பழைய பேடை அதன்மேல் வைத்து, தச்சர்கள் வைத்திருக்கும் 'சி' கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். அப்போது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். அது விஷமும்கூட. மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், சின்னக் கைகள் எட்டும் வீடு!

காலிபர் வழுக்கும் ஊசிகளுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது. போல்ட்டுகளை வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிராக.

எல்லாம் முடிந்தது என்று சாவியைத் திருகப் போனேன். "இரு அம்மணி, முதல்ல பெடலை மிதி" என்றார் சித்தப்பா. மிதித்தால் கால் தரை வரை போகிறது! பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் அப்படி. பத்து, பதினைந்து முறை மிதித்தபின் கல் மாதிரி கெட்டியானது. இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தினால் எதிர்ச் சுவரில்தான் நிற்கும். பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும், அதில் வெட்கமே இல்லை.

"உசத்தியான பேடாப் போட்டா நல்லதுதானே அக்கா?" என்று ஸ்டூலிலிருந்து கேள்வி வந்தது. செராமிக் பேட் விலை கூடுதல். சத்தமும் பொடியும் குறைவு. உலோகம் கலந்தது சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தம் போடும், டிஸ்க்கையும் சற்று அதிகம் தேய்க்கும். ஊருக்குள் ஓட்டுபவர்களுக்குக் கம்பெனி போட்ட வகையே போதும் என்பது என் அபிப்பிராயம். முன் சக்கரங்களுக்கான அந்த செட்டின் விலை, ஆரி வேலை வைத்த ஒரு பிளவுஸின் கூலியைத் தாண்டாது. தெரிந்த கடையில், 'அஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மலைக்குப் போகிறவர்கள் பேடுக்குக் கொட்டும் பணத்தைப் பிரேக் ஆயிலுக்குச் செலவிடலாம். அது ஐப்பசி மழையில் உப்பு கசிவதுபோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் உள்ளே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பேட் புதிதென்று அன்றைக்கே மலைக்குக் கிளம்பாதீர்கள். காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மெதுவாகப் பத்துத் தடவை குறைத்து, நடுநடுவே ஆறவிட்டால் பேட் டிஸ்க்கோடு பழகும். முதல் 300 கிலோமீட்டருக்கு சடன் பிரேக் வேண்டாம். மறுநாள் சக்கர நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். மலையில் இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குக்குச் சூடு நாலு மடங்கு என்பதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆறவிட்டு ஓட்டவேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் வண்டியின் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடையது பின்னாலும் டிஸ்க், பட்டன் கைபிரேக். முன் சக்கரத்தை மட்டும் நாங்கள் பார்த்தோம். பின்னால் இருப்பதற்கு மெக்கானிக்கிடம் நாள் வாங்கியிருக்கிறாள்.