காப்பர் பெப்டைடு: தடவுறது வேற, குத்திக்கிறது வேற

"செம்பு உடம்புக்குள்ள போனா விஷமில்லையா?" நீல நிற சீரம் பாட்டிலைப் பார்த்ததும் பலருக்கு வருகிற சந்தேகம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அந்த நீலத்துக்குப் பெயர் ஜிஎச்கே-சியு. மூன்று அமினோ அமிலங்கள், கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு செம்பு அயனி. 1973-ல் லோரன் பிக்கார்ட் இந்தப் பெப்டைடை மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தார். "உடம்பிலேயே இருக்கிறது, அதனால பயமில்லை" என்ற விளம்பரப் பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. இன்சுலினும்தான் உடம்பில் இருக்கு, அதுக்காக இஷ்டத்துக்குப் போட்டுக்க முடியுமா?

1 சதவீத சீரம், தினம் அரை மில்லி தடவினால் 5 மில்லிகிராம் ஜிஎச்கே-சியு. அதன் எடையில் செம்பு சுமார் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்குச் சாப்பாட்டிலிருந்து தினமும் வேண்டிய செம்பே 0.9 மில்லிகிராம். தடவியதிலும் கொஞ்சம்தான் தோலின் மேலடுக்கைத் தாண்டும். ஆக, செம்பு விஷமாகிவிடும் என்ற பயம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் விலக்கு. அவர்கள் கல்லீரலால் மிச்சச் செம்பை வெளியேற்ற முடியாது, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சிவப்பு, அரிப்பு, வறட்சி வரலாம். பல நேரம் அதற்குக் காரணம் சீரமில் கலந்த வாசனைப் பொருளாகவும் இருக்கும். வைட்டமின் சி சீரத்தோடு ஒரே நேரத்தில் போட வேண்டாம், செம்பு அதை ஆக்சிஜனேற்றம் செய்து வீணாக்கிவிடும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

அதிகமா போட்டா தோல் தளர்ந்துபோகுது என்று சிலர் சொல்வதுண்டு, 'காப்பர் அக்லீஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் இந்தப் பெப்டைடு கொலாஜன் உற்பத்தியையும் தூண்டுகிறது, தோலின் கட்டுமானத்தைச் சிதைக்கும் நொதி ஒன்றையும் கூட்டுகிறது. அதனால் முழுக் கட்டுக்கதை என்று நான் தள்ள மாட்டேன். அப்படித் தோன்றினால் சில வாரம் நிறுத்திப் பாருங்கள்.

ஊசி விஷயத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே தோல் என்ற வேலியே கிடையாது. பெப்டைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டாலோ, தயாரிப்பில் அசுத்தம் தங்கினாலோ நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழலாம். இந்தக் கவலையால்தான் அமெரிக்காவின் எஃப்டிஏ 2023-ல் ஊசிக்கான ஜிஎச்கே-சியுவைப் பாதுகாப்புச் சந்தேகமுள்ள பொருட்களின் பட்டியலில் வைத்தது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டி ஆன்லைனில் விற்கிற குப்பி, மனித உடம்பில் செலுத்துவதற்கான கிருமிநீக்கச் சோதனையைத் தாண்டியது என்று அந்த லேபிள் எங்கேயும் சொல்லவில்லை.