பொன்னியின் செல்வன் சித்திரக்கதையானபோது

பெரிய நாவலொன்றைச் சித்திரக்கதையாக மாற்றுவதை எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். கதை முன்னமே எழுதி முடிந்துவிட்டது, பாத்திரங்கள் உள்ளனர், உரையாடலும் உள்ளது, இனிப் படம் போடுவதொன்றே எஞ்சியது என்பது அவர்கள் கருத்து. உண்மை அவ்வாறன்று. எழுத்தாளன் மறைக்க விரும்பியதை எழுதாமல் விட்டுவிடலாம். ஓவியனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மனிதனை வரையத் தொடங்கிய கணமே அவனுக்கு முகம் கொடுத்தாக வேண்டும். முகம் கொடுத்ததும் பல இரகசியங்கள் வெளிப்பட்டுவிடும். இவ்வுண்மையை விளக்குவதற்குக் கல்கியின் பொன்னியின் செல்வனைவிடச் சிறந்த உதாரணம் தமிழில் கிடைப்பது அரிது.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த இந்நாவல், புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களைக் கொண்டது. இதனைச் சரித்திரக் கதை என்றே அனைவரும் வழங்குகிறோம். ஆயினும் சோதிடனும் வால்நட்சத்திரமும் சுரங்க வழியும் நள்ளிரவுச் சதியும் நிறைந்த இக்கதையை இளம் வாசகர் ஒரு மாயக்கதையைப் படிக்கும் ஆர்வத்துடனேயே படிக்கின்றனர். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பதிப்புகள் பெருகின. மணிரத்தினம் இயக்கிய திரைப்படம் 2022 இலும் 2023 இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன்பே நிலா காமிக்ஸ் பதிப்பகத்தார் நாவலை வண்ணச் சித்திரக்கதையாகப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியிருந்தனர். நாவலை ஒருபோதும் கையிலெடுத்திராதவரை உள்ளே அழைத்து வருவதே இத்தகைய முயற்சியின் பயன்.

தமிழ் வாசகனுக்குப் படக்கதை புதியதன்று. 1947 இல் தோன்றிய அம்புலிமாமா, பக்கந்தோறும் படமிட்டு மாயக்கதைத் தொடர்களை வளர்த்தது. 1960 இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு, சிந்துபாத்தை நாளொன்றுக்குச் சில கட்டங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலையவிட்டது. 1972 இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேசவைத்தது. இவையெல்லாம் படத்துக்காகவே பிறந்த கதைகள், அல்லது படமாகவே நம்மிடம் வந்து சேர்ந்தவை. முன்னரே இலட்சக்கணக்கானோர் மனத்தில் குடியேறிவிட்ட நாவலை வரைவது வேறு காரியம். வந்தியத்தேவனின் முகம் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு வாசகனும் ஒரு முடிவு வைத்திருக்கிறான். மூத்த வாசகர்க்கோ தொடர்கதையுடன் வெளிவந்த மணியம் அவர்களின் ஓவியமே அறுதியான சாட்சி.

முகத்தைப் பற்றிய இடர்ப்பாட்டைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். பழுவூர் இளையராணி நந்தினிக்கும், ஈழத்துக் காடுகளில் திரியும் ஊமை ராணி மந்தாகினிக்கும் உள்ள உருவ ஒற்றுமை கதையின் அச்சாணிகளுள் ஒன்று. சுந்தர சோழர் நள்ளிரவில் கண்டு நடுங்கும் உருவம் எவருடையது என்ற வினா அதன்மேலேயே சுழல்கிறது. நாவலாசிரியர் நந்தினியின் அழகைப் பல பக்கங்களில் வருணித்துவிட்டு, ஒற்றுமையைத் தமக்கு வேண்டிய வேளையில் வேறொரு பாத்திரத்தின் வியப்பாகச் சொல்லிக்கொள்ளலாம். ஓவியனோ, முதற்பாகத்தில் நந்தினியை வரையும்போதே இரண்டாம் பாகத்து மந்தாகினியை மனத்தில் வரைந்து முடித்திருக்க வேண்டும். மூக்கும் நெற்றியும் ஒன்றாக இருக்கவேண்டும்; பார்வை முற்றிலும் வேறாக இருக்கவேண்டும். ஒருத்தியின் விழியில் வஞ்சம். மற்றவள் விழியில் எல்லையற்ற பரிவு. நந்தவனம் வைத்துப் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனை வரைவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கதையின் இறுதியில் அவன் யாரென்று தெரியவரும்போது, முந்திய பகுதிகளைப் புரட்டிப் பார்க்கும் சிறுவன், 'அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே!' என்று சொல்லக்கூடியதாக அம்முகம் அமைதல் வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். பேச இயலாத மந்தாகினியை எழுத்தில் நடத்துவது கடினம்; அவளுடைய ஒவ்வொரு சைகைக்கும் ஆசிரியர் பொருள் எழுதவேண்டியிருக்கிறது. சித்திரக்கதையிலோ அவளே மிக எளிதாக வாழ்பவள். பேச்சுக்குமிழ் இல்லாத கட்டங்களில் கையும் கண்ணுமே பேசிவிடுகின்றன. நாவலில் வாய்மூடியவள் படத்தில் வாய்ச்சாலகர்களையெல்லாம் வென்றுவிடுகிறாள்.

ஆதித்த கரிகாலனின் மரணம் இதற்கு நேர்மாறானது. கடம்பூர் மாளிகை இருளில் அவனைக் குத்தியது எவர் கை என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமாகவே விட்டுச் சென்றார். உடையார்குடிக் கல்வெட்டு, கொலைக்குற்றத்துக்கு உட்பட்டோர் சிலரின் பெயரைத் தருகிறதேயன்றி, நாவல் வாசகனின் ஆவலைத் தணிப்பதில்லை. ஓவியன் கத்தியை எவர் கையில் வரைவான்? எவர் கையில் வரைந்தாலும் அது தீர்ப்பாகிவிடும். விளக்கு அவிந்தபின் ஒரு கட்டத்தை முழுக் கருமையாக விட்டுவிடுவதே ஒழுங்கான வழி என்பது என் துணிபு. வெறுங்கருப்பு மையும் கதை சொல்லும்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்' என்ற ஒரு சொல் சிறு பேச்சுக்குமிழின் அகலத்தை முற்றாக விழுங்கிவிடும்; அச்சிடுவோர் அதனை இரண்டு, மூன்று வரிகளாக உடைப்பர். தேர்ந்த வாசகனுக்கு இது பொருட்டன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாணாக்கனுக்கோ, உடைந்த சொல் ஒவ்வொன்றும் ஒரு தடைக்கல். கொத்மலைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் எம்போன்றோர் இதனை நாள்தோறும் காண்கிறோம். பேச்சைக் கொச்சையாக்கிச் சொல்லைக் குறுக்குவது பரிகாரமாகாது. அரசகுமாரரும் அமைச்சரும் செந்தமிழிற் பேசுவது சிறுவரைத் துன்புறுத்துவதில்லை. அவர்கள் அதனை நாடகமாடிப் பேசி மகிழ்கின்றனர். பாடநூலில் அஞ்சிய அதே வாக்கியத்தை ஆழ்வார்க்கடியானின் குரலில் உரக்கச் சொல்லும்போது அச்சம் எங்கோ போய்விடுகிறது. ஆகவே வாக்கியத்தைச் சுருக்குக. மொழியின் தரத்தைச் சுருக்கற்க.

எனினும் மிகக் கடினமான இடம் இதுவுமன்று. சித்திரக்கதை இயல்பாகவே சண்டையை நாடும். வாள் வீச்சும் குதிரைப் பாய்ச்சலும் புயலில் உடையும் மரக்கலமும் வரைவோனுக்கும் காண்போனுக்கும் ஒருங்கே விருந்து. ஆனால் பொன்னியின் செல்வனின் உச்சம் எந்தப் போரிலும் இல்லை. இருமுறை நிகழும் ஒரு மறுப்பிலேயே உள்ளது. அநுராதபுரத்தில் ஓர் இரவு, பௌத்த பிக்குகள் இலங்கையின் சிங்காதனத்தையும் மணிமுடியையும் அருள்மொழிவர்மன் முன் வைக்கின்றனர், அவன் ஏற்கவில்லை. இறுதிப் பாகத்தில் சோழர் மணிமுடியே கைக்கெட்டிய வேளையிலும் அதனை உத்தம சோழனுக்கு ஈகிறான். இது வெறுங்கற்பனையுமன்று. உத்தமன் அரசை விரும்பிய காலத்தில் அருள்மொழி அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்ற கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன.

எடுப்பதை வரையலாம், எடுக்காமல் இருப்பதை எங்ஙனம் வரைவது? ஒரு சிறு கட்டத்துக்குள் 'வேண்டாம்' என்ற குமிழை எழுதி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டால், வாசிக்கும் சிறுவனுக்கு அது ஒரு செய்தியாகுமேயன்றி நிகழ்ச்சியாகாது. சித்திரக்கதையிற் கட்டத்தின் அளவே காலத்தின் அளவு. முடி ஒரு கட்டம். பிக்குகளின் முகங்கள் ஒரு கட்டம். நீளாத கை ஒரு கட்டம். இவற்றுக்கிடையே சொல்லற்ற ஓர் இடைவெளி. ஒரு முழுப் பக்கமாவது இதற்குக் கொடுக்காத ஆசிரியர், ஐந்து பாகங்களையும் வரைந்து முடித்தாலும் கதையைத் தவறவிட்டவராவார்.

இலங்கையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. இடம் போதாது என்று அநுராதபுர இரவை நீக்கிவிட்டுப் படையெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டால், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அயலயலே வாழும் இவ்வூரில் அந்நூல் என்ன கற்பிக்கும்? நாவல் வேறு, சரித்திரம் வேறு என்பதையும் ஆசிரியர்கள் மறைத்தலாகாது. இராசராசனாக முடிசூடிய அதே அருள்மொழியின் படைகள் 993 ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை அழித்தன. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தவனும் அவனே. இரண்டும் ஒரே மனிதனின் ஆட்சியில் நிகழ்ந்தவை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். மாகனின் படையெடுப்புக் காலத்தில் புத்தரின் தந்தச் சின்னத்தைப் பிக்குகள் கொண்டுவந்து ஒளித்துவைத்த மலைநாடு இக்கொத்மலை. படையெடுப்பின் மறுபுறம் எத்தகையது என்பதை நம் பள்ளத்தாக்கு அறியும்.

சித்திரக்கதை படித்தவன் மூலநூலைத் தொடமாட்டான் என்ற அச்சம் புதியதன்று. அமெரிக்காவில் ஆல்பர்ட் காண்டர் என்பவர் 1941 இல் பேரிலக்கியங்களைச் சித்திரக்கதையாக்கத் தொடங்கியபோதும் இதே குறை சொல்லப்பட்டது. அவர் முதலில் எடுத்துக்கொண்டது டூமாவின் மூன்று துப்பாக்கி வீரர்கள். கல்கியின் வாசகர் அடிக்கடி ஒப்பிடும் நூல். மூலத்தையும் படியுங்கள் என்ற வேண்டுகோளைப் பின்னாளில் அவ்வெளியீடுகளின் இறுதியிலேயே அச்சிட்டனர். வேண்டுகோள் மட்டும் போதுமென்று நான் கருதவில்லை. ஈராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நாவலைச் சிறுவன் கையிற் கொடுத்தால் எங்கே நுழைவதென்று திகைப்பான். சித்திரக்கதையின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், இவ்விடம் நாவலின் இன்ன பாகத்து இன்ன அத்தியாயம் என்று ஒரு வரி அச்சிட்டால், அவன் தான் கண்ட காட்சியைத் தேடி அந்தப் பக்கத்தைத் திறப்பான். பாடசாலை நூலகங்களிலும் படநூலைச் சிறுவர் அடுக்கிலும் நாவலை எட்டாத மேல்தட்டிலும் பிரித்து வையாமல், இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.