சிவப்பு மையும் ஓர் எழுத்தும்

எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், சென்ற மாதம் ஒரு நாள் தன் ஆங்கில வீட்டுப்பாட ஏட்டை என்னிடம் நீட்டினாள். 'ரியலைஸ்', 'ஆர்கனைஸ்' என்னும் இரு சொற்களையும் அவள் 'இஸட்' எழுத்திட்டு எழுதியிருந்தாள். ஆசிரியை அவற்றைச் சிவப்பு மையால் சுழித்து, அமெரிக்க வழக்கு என்று குறித்து, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்திருந்தார்.

"அகராதியைப் பார்த்துத்தானே எழுதினேன், அப்பா?" என்றாள். நாள் முழுதும் அகராதியோடு மல்லாடும் மொழிபெயர்ப்பாளன் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியுமா?

அவள் பார்த்தது ஆக்ஸ்போர்டு அகராதி. இவ்விகுதி கிரேக்கத்தில் பிறந்து இலத்தீன் வழியே வந்தது. அங்கெல்லாம் 'இஸட்'டே உண்டு. 'எஸ்' எழுத்து பிரெஞ்சு வழக்கின் சாயல். ஆகவே, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி 'இஸட்'டையே மேற்கொண்டது. 1926இல் ஆங்கில வழக்குநூல் இயற்றிய ஃபௌலரும் அதன் பக்கமே நின்றார். 1828இல் அகராதி வெளியிட்ட வெப்ஸ்டர், 'கலர்' என்னும் சொல்லில் 'யூ'வை நீக்கி எழுதியவர். அவர் நாட்டவர் 'இஸட்'டையும் விடாது பற்றிக்கொண்டமையால், அது அவர்களுக்கே உரியது என்னும் மயக்கம் வந்துவிட்டது. தில்லியில் மண்டல அலுவலகம் வைத்திருக்கும் உலக சுகாதார நிறுவனம், தன் பெயரையே 'இஸட்' எழுத்திட்டுத்தான் எழுதுகிறது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி முடித்தபின், ஏட்டின் மறுபக்கத்தைப் புரட்டினேன். அங்கே 'சர்ப்ரைஸ்' என்னும் சொல்லுக்கும் 'இஸட்' இட்டிருந்தாள்! அதில் அக்கிரேக்க விகுதி கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று 'எஸ்'தான். 'எக்ஸர்ஸைஸ்' என்பதும் அத்தகையதே. சரியானவற்றைச் சுழித்த சிவப்பு மை, பிழையானதைத் தொடாமல் விட்டிருந்தது.

நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு வரலாமா? மகளையே கேட்டேன். சற்று நேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக் கொண்டிருந்தவள், "அதையும் எழுதுங்கள்" என்றாள்.

மறுநாள் நான் தனியே சென்று ஆசிரியையைக் கண்டேன். குழந்தையின் முன்னிலையில் வழக்காடுவது இருவருக்கும் அழகன்று. அவர் வங்காளத்தவர், நான் தஞ்சைக்காரன்; வாதமோ ஆங்கிலேயரின் எழுத்தைப் பற்றி! தாளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அகராதியையும் வருவித்துப் பார்த்தார். "நம் நாட்டுச் செய்தித்தாள்களில் பெரும்பாலும் 'எஸ்'தானே? வகுப்பில் ஒரே வழக்கு இருந்தால் திருத்துவது எளிது" என்றார். அதிலும் நியாயம் உண்டு. எதைக் கொண்டாலும் ஒரு கட்டுரை முழுதும் அதையே கொள்ள வேண்டும்.

அன்று மாலை ஏடு திரும்பி வந்தது. இரண்டு மதிப்பெண்கள் ஏறியிருந்தன. 'சர்ப்ரைஸ்' சுழிக்கப்பட்டு ஒன்று இறங்கியிருந்தது.