பல்லின் லட்சணமும் பார்ப்பவர் கண்ணும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மட்டுமன்று, இந்நாட்டின் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும், பி.டி.எஸ். படிப்பின் தொடக்கத்தில் மாணாக்கர் நோயாளியின் வாயைப் பரிசோதிக்கும் உரிமை பெறுவதற்கு நெடுநாள் முன்னரே, மெழுகுக் கட்டியையும் செதுக்குக் கத்தியையும் கையிலேந்திப் பல் செதுக்கப் பழகுகிறார்கள். ‘கார்விங்’ என்று அவர்கள் வழங்கும் இந்த அப்பியாசம் கைத்திறனுக்காக ஏற்பட்டது என்பது பொதுவான எண்ணம். ஆயினும், அது கையைக் காட்டிலும் கண்ணையே அதிகமாக மாற்றுகிறது என்பதும், அதனால் புன்னகையின் அழகைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்பே வேறாகிவிடுகிறது என்பதும் சிந்திக்கத்தக்கவை.

மேல்வரிசையின் நடு வெட்டுப்பல்லை எடுத்துக்கொள்வோம். வெளியே தெரியும் பகுதியின் உயரம் 10.5 மி.மீ., அகலம் 8.5 மி.மீ., ஈற்றுக்குள் மறைந்த வேரின் நீளம் 13 மி.மீ. என்பது பாடநூல்கள் கூறும் சராசரிப் பிரமாணம். இந்த அளவைக் கட்டியின்மேல் கோடாக வரைந்து, முதலில் முன்தோற்றத்தையும் பின்னர்ப் பக்கத்தோற்றத்தையும் வெட்டியெடுத்து, அதன் பிறகே மூலைகளை உருட்ட வேண்டும். அவ்வாறு உருட்டும்போதுதான், நடுக்கோட்டை ஒட்டிய விளிம்பு ஏறக்குறைய நேராக இறங்கிக் கூரான மூலையில் முடிவதும், எதிர்ப்புற விளிம்பு வளைந்து மழுங்கிய மூலையில் முடிவதும், இதனாலேயே வலப்பல் எது, இடப்பல் எது என்று தனியே கிடக்கும் ஒரு பல்லைக் கொண்டே சொல்லிவிட முடிவதும் மாணாக்கருக்குப் பிரத்தியட்சமாகின்றன. அடுத்த பல் அகலம் குறைந்தும் மூலைகள் இன்னும் மழுங்கியும் இருக்கும். ஆகவே, நடுவிலிருந்து கோரைப்பல்லை நோக்கிச் செல்லச் செல்லப் பற்களின் நுனிகளுக்கிடையே உள்ள சிறு முக்கோண வெளிகள் படிப்படியாக விரிகின்றன. புன்னகையை இளமையாகக் காட்டுபவை பெரும்பாலும் இவ்வெளிகளே. வயது ஏற ஏற நுனிகள் தேய்ந்து ஒரே கோடாகும்போது அவை மறைகின்றன.

இங்ஙனம் பழகிய கண்ணுக்கு அளவு என்பது மெல்ல மெல்ல அழகின் விதியாகவே தோன்றத் தலைப்படுகிறது. கிரேக்கர் அறிந்திருந்த 1.618 என்னும் பொன் விகிதத்தை, நேர்முகமாகப் பார்க்கும்போது தெரியும் பல்லகலங்களுக்குப் பொருத்தி, 1978இல் லெவின் என்பவர் எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆனால் 1993இல் பிரெஸ்டன் என்பவர் மக்களின் பற்களை அளந்து பார்த்தபொழுது, நடுப்பல்லுக்கும் அதன் பக்கத்துப் பல்லுக்கும் அவ்விகிதம் அமைந்திருந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டுமே. விதி எத்துணை வசீகரமானதாயினும், இயற்கை அதற்குக் கட்டுப்படுவதில்லை.

பார்வை வேறுபடுவதை அளந்து காட்டியதும் உண்டு. 1999இல் அமெரிக்காவில் கோகிச்சும் அவர்தம் உடனாய்வாளரும், சிறிது சிறிதாக மாற்றப்பட்ட புன்னகைப் படங்களைப் பல்சீரமைப்பு நிபுணருக்கும் பொதுப் பல் மருத்துவருக்கும் சாமானியருக்கும் காட்டினார்கள். மேல்வரிசையின் நடுக்கோடு 4 மி.மீ. விலகியபோது நிபுணர்கள் அதைக் குறையென்று கண்டனர். மற்ற இரு சாராருக்கோ அவ்வளவு விலகலும் புலப்படவில்லை. அதே வேளையில், பற்கள் சாய்ந்து நிற்பது 2 மி.மீ. ஆனதுமே மூன்று சாராரும் கண்டுகொண்டனர். குறைகளுள் சில எல்லோர் கண்ணுக்கும் உரியவை. சில கற்றவர் கண்ணுக்கு மட்டுமே உரியவை.

நம் நாட்டிலே இதற்குத் தெத்துப்பல்லைவிடத் தக்க உதாரணம் வேண்டியதில்லை. மேல் கோரைப்பல் முளைப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில். அதன் இருமருங்கிலும் உள்ள நிரந்தரப் பற்கள் அதற்கு முன்பே வந்து இடம் பிடித்துவிடுவதால், தாடையில் இடம் போதாதபோது பின்வந்த அது வரிசையை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது. பாடநூலில் இது சீர்கேடு, சிகிச்சைக்குரியது. தமிழருள் பலருக்கோ, ஒரு பெண்ணின் சிரிப்புக்குத் தனிக்களை தருவது அதுவே. முன்பற்களின் நடுவே விழும் இடைவெளியை அதிர்ஷ்டம் என்று கருதும் வீடுகளும் உண்டு.

ஆயின் அளவுகளைக் கற்பிப்பதே தவறா? அன்று. நாஞ்சில் நாட்டு மயிலாடியில் கல் செதுக்கும் சிற்பிகளுடைய மரபில், உருவங்களின் அளவை வகுக்கும் தாளப் பிரமாணம் இருக்கிறது. சிற்ப சாஸ்திரம் தலையாய தெய்வங்களுக்குப் பத்துத் தாளமாகிய உத்தம தசதாளமாக 124 அங்குலம் விதிக்கிறது. கணபதிக்கோ ஐந்து தாளமே போதும் என்கிறது. அளவு குறுகியதால் பிள்ளையாரின் அழகு குறைந்ததென்று எவரும் சொல்வதில்லை. உருவத்தின் இயல்புக்கேற்பவே பிரமாணமும் மாறுகிறது. சராசரி அளவு என்பது பற்பல வாய்களை அளந்து வகுத்த தொகுப்பேயன்றி எந்த ஒரு வாய்க்கும் இட்ட கட்டளையன்று என்பதையும் செதுக்கும் பாடத்தோடு சேர்த்துக் கற்பித்தால், மாணாக்கர் பெறும் கூரிய பார்வை தீர்ப்புச் சொல்வதோடு நில்லாமல் பகுத்தறியவும் பயன்படும்.

இதனை வெறும் ரசனை விவகாரமென்று ஒதுக்க இயலாது. உடைந்த முன்பல்லை மீண்டும் உருவாக்கும் மருத்துவருக்கு மூலையின் கூர்மையும் மழுக்கமும் தெரிந்தே ஆக வேண்டும். அங்கே பயிற்சியே நோயாளிக்குத் துணை. ஆனால் ஆரோக்கியமான பல்லை அழகுக்காகத் தேய்த்து மேலே ஓடு ஒட்டும் சிகிச்சையில் நிலைமை வேறு. ஒருமுறை நீக்கிய எனாமல் மறுபடி வளராது. ஆகவே, தம் கண்ணுக்குப் பட்ட குறையை எடுத்துரைப்பதற்கு முன்னால், எதிரே அமர்ந்திருப்பவர் தம் சிரிப்பில் எதைக் குறையென்று கருதுகிறார், எதை வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று கேட்டறிவதே மருத்துவரின் முதற் கடமை.