ஆஸ்பத்திரி பில்லுக்கு கார்டு இருக்கு, வீட்டுக்கு வந்த பிறகு?

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டில் இருந்தே ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்க பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன், ஆறு நாள் ஆஸ்பத்திரி. பில்லில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கட்டிடுச்சு. அப்பாடா, முடிஞ்சதுன்னு நினைச்சோம். உண்மையில் செலவு அங்கேதான் ஆரம்பிச்சது. பாட்டியை எழுப்பி உட்கார வைக்க, குளிப்பாட்ட, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். பகல் ஷிஃப்டுக்கு மட்டும் நாளைக்கு 900 ரூபாய், மாசம் 27,000. இதில் ஒரு ரூபாய்கூட கிளெய்ம் பண்ண முடியலை. மூணாவது மாசம் அம்மா வேலையை விட்டாங்க.

பாலிசியை முழுசா படிச்சுப் பார்த்தேன். ஏமாத்து வேலை எதுவும் இல்லை. டிசைனே அப்படித்தான்.

சிகிச்சை வேற, பராமரிப்பு வேற. ஆபரேஷனுக்கு ஒரு ஆரம்பம், ஒரு முடிவு, ஒரு பேக்கேஜ் ரேட் இருக்கு. குளிக்க, சாப்பிட, நடக்க உதவி செய்றதுக்கு முடிவுத் தேதி கிடையாது. நம்ம காப்பீடுகள் பெரும்பாலும் முதல் வகைக்காகவே எழுதப்பட்டவை.

அரசுத் திட்டமும் அப்படித்தான். 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது தாண்டின எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல், விரிவுபடுத்தினாங்க. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நிஜமாவே பெரிய விஷயம். ஆனா அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிற செலவுக்கு. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரைக்கும் அந்தச் சிகிச்சை சார்ந்த செலவு அதில் வரும். 16-வது நாள் பாட்டியை யார் தூக்கி உட்கார வைப்பாங்க என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் கொஞ்சம் வேற மாதிரி யோசிச்ச திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, நோய்த்தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டு வாசலுக்கே வருது. ஆனா அவங்க வந்து பார்த்துட்டுப் போவாங்க. தினமும் எட்டு மணி நேரம் கூட இருக்கிற வேலை அது இல்லை.

சரி, வேற யாராவது இதைத் தீர்த்திருக்காங்களா? ஜப்பான் கதை சுவாரசியமானது. 1973-ல் அங்கே முதியவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கினாங்க. என்ன ஆச்சுன்னா, வீட்டில் பார்த்துக்க ஆள் இல்லாத பெரியவங்க ஆஸ்பத்திரியிலேயே மாசக்கணக்கில் தங்க ஆரம்பிச்சாங்க. பெட்டுக்கு மட்டும் காசு கொடுத்தா, ஆட்கள் பெட்டுக்குத்தான் வருவாங்க. அதனால் 2000-ல் பராமரிப்புக்குன்னே தனிக் காப்பீடு கொண்டுவந்தாங்க. 40 வயதில் இருந்து எல்லாரும் பிரீமியம் கட்டணும். பாதி வரிப்பணம், பாதி பிரீமியம். எவ்வளவு உதவி தேவைன்னு அளந்து, ஏழு நிலையா பிரிக்கிறாங்க. பயனாளி பொதுவா 10 சதவீதம் கட்டினா போதும்.

இதுக்கும் விலை உண்டு. 65 தாண்டினவங்களோட சராசரி மாசப் பிரீமியம் 2000-ல் 2,911 யென். 2024-ல் 6,225 யென். இங்கே சம்பள ஸ்லிப்பே இல்லாத வேலையில்தான் பெரும்பாலானவங்க இருக்காங்க. பிரீமியம் பிடிக்கவே வழியில்லை. அதனால் அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. இங்கே வரிப்பணம்தான் பெரும்பங்கு போடணும்.

என்னை யோசிக்க வச்சது ஜெர்மனி. 1995-ல் வந்த அவங்க பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டிலேயே பார்த்துக்கிட்டா அதுக்குப் பணமாவே வாங்கிக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பார்த்துக்கிற குடும்பத்து ஆளுக்கு, ஓய்வூதியச் சந்தாவையும் அந்தக் காப்பீடே கட்டுது.

எங்க அம்மாவுக்கு அந்த மாசத்தோட பி.எஃப். நின்னுபோச்சு. "நம்ம பாட்டிதானே, இதுக்கெல்லாம் கணக்கு பார்ப்பியா?"ன்னு அவங்க கேட்டாங்க. நான் பார்க்கிறேன். அந்தச் செலவு காணாமப் போகலை. இன்சூரன்ஸ் கட்டாததை, அரசு கட்டாததை, அம்மா கட்டுறாங்க.

உங்க வீட்டில் 70 தாண்டினவங்க இருந்தா, ரெண்டு வேலை பண்ணுங்க. கையில் இருக்கிற கார்டு எதுக்கெல்லாம் செல்லும்னு இப்பவே பாருங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பாங்களான்னு கேளுங்க. எங்களுக்கு அது தெரியவே நாலு மாசம் ஆச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.