ஒளித்தட்டும் ஐந்து வோல்ட்டும்

2007-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணினி ஆலையைத் தொடங்கியபோது, மடிக்கணினி என்றால் பக்கவாட்டில் ஒளித்தட்டு செருகும் அறை ஒன்று இருப்பதே வழக்கம். கனம் குறைய வேண்டும் என்ற ஆசையில் பின்னாளில் அவ்வறையை நீக்கிவிட்டார்கள். நம் வீட்டு அலமாரியிலுள்ள தட்டுகள் நீங்கவில்லையே! தமக்கையின் திருமணப் படம் இன்னும் அதில்தான் இருக்கிறது. அதனைப் படிக்க, யு.எஸ்.பி. கேபிளால் வெளியே இணைக்கும் டிவிடி இயக்கியை வாங்குகிறோம்.

இணைப்பது எளிது. பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டுவதில்லை. ஆயினும் சில வேளைகளில் தட்டு இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிடும். ஒரகடத்தில் ஆலைப் பணியிலிருக்கும் என் நண்பர் அத்தகைய இயக்கியைக் குப்பையில் போடவே துணிந்துவிட்டார். விசைப்பலகை, மௌஸ் ஆகியவற்றோடு அதையும் ஒரே ஹப்பில் செருகியிருந்தார். நான் அதைக் கழற்றிக் கணினியின் சொந்தத் துளையில் செருகினேன், தட்டு சுழன்றது.

காரணம் யாது? யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர் வரை தரும், 3.0 துளை 900 வரை தரும். தனி மின்சாரமில்லாத 2.0 ஹப்போ, விதிப்படி, ஒரு துளைக்கு 100 மட்டுமே தரக் கடமைப்பட்டது. அசையாதிருக்கும் தட்டைச் சுழலச் செய்யும் கணத்தில் இயக்கி 500-ஐயும் தாண்டிக் கேட்கக்கூடும். மெல்லிய நீண்ட கேபிளும் வழியில் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே முதலில் ஐயுற வேண்டியது மின்சாரத்தையே. இரட்டை முனைக் கேபிள் இருந்தால் இரு முனைகளையும் செருகுக.

மின்சாரம் சரியாயிருந்தும் சிடி ஓடி, டிவிடி மட்டும் ஓடவில்லையா? சிடியை 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரும், டிவிடியை 650 நானோமீட்டர் செங்கதிரும் படிக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் மற்றது உழைக்கும். வேறொரு நல்ல டிவிடியை இட்டுப் பார்த்தால், குற்றம் தட்டிலா இயக்கியிலா என்பது தெரிந்துவிடும். கோப்புகள் திரையில் தோன்றியும் படம் ஓடாவிட்டால் இயக்கியை நோக வேண்டாம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் காட்டும் வசதி இயல்பாக இல்லை. இலவசமான வி.எல்.சி. அக்குறையைத் தீர்க்கும்.

தட்டு அழுக்காயிருப்பின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீண்டுவிடும். வீட்டில் பதிவுசெய்த தட்டுகளில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கும். மங்கியபின் எவ்வியக்கியும் அதைப் படிக்காது. தட்டு இன்று சுழன்றதென்றால், படம் பார்க்க அமருமுன் அதைக் கணினியில் நகலெடுத்து விடுங்கள்.